மல்பேக்கு எதை எடுத்துப் போவது

நாற்பது வயதை நெருங்கிய பிறகுதான் ஜகதாம்பாள் முதல் முறையாகத் தனக்கென்று லீவு எடுத்தாள். அதுவரை எடுத்த லீவெல்லாம் அண்ணா குழந்தைகளின் காய்ச்சலுக்கும், மன்னியின் பிரசவத்துக்கும், யாருடைய சிராத்தத்துக்கோ கூடமாட ஒத்தாசை செய்வதற்கும் போய்விட்டது. 1958 டிசம்பரில், உடுப்பிக்குப் பக்கத்தில் மல்பேக்குப் போய்க் கடலைப் போட்டோ எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

பெங்களூரில், மல்லேஸ்வரத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சிக்கூடம். யுத்த காலத்தில் அங்கே ஆள் பஞ்சம் வந்தபோது, ஜாதகம் எங்கும் பொருந்தாமல் இன்டர்மீடியட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த ஜகதாம்பாளைத் தற்காலிகமாக எடுத்தார்கள். யுத்தம் முடிந்தது. எடுத்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் இருந்துவிட்டாள். இலையில் பிடிக்கும் பூஞ்சை, தண்டைத் துளைக்கும் புழு, வேரில் விழும் முடிச்சு என்று மேஜையில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. நல்ல கை. நோய் விழுந்த ராகிக் கதிரை இவளைப்போல் எடுக்க ஊரில் ஆளில்லை என்று புரொபசர் வெளியூர்க்காரர்களிடம் சொல்வார். அவளிடம் சொன்னதில்லை.

சொந்தமாக ஒரு மடக்குக் கேமராவும் வைத்திருந்தாள். சுதந்திரம் வந்து வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய சமயத்தில் கன்டோன்மென்ட் ஏலத்தில் எடுத்தது. மூடினால் கைப்பையில் அடங்கும், திறந்தால் துருத்தி போல் மூக்கை நீட்டும். அதில் அவள் எடுத்ததெல்லாம் உறவுக்காரர்களின் பூணூலும் சீமந்தமும்தான். "ஜகதாவைக் கேமராவோட வரச் சொல்லு" என்று ஒரு வார்த்தை வந்துவிடும். போவாள், எடுப்பாள், பந்தியில் கடைசியில் சாப்பிட்டுவிட்டு வருவாள். படத்தில் மாமாவின் கண் மூடியிருந்தால் அது மாமாவின் தப்பில்லை, ஜகதாவின் தப்பு.

மல்பே யோசனை பிரிஜெட்டுடையது. பிரிஜெட் ஆராய்ச்சிக்கூடத்தில் டைப்பிஸ்ட், காக்ஸ் டவுனில் வீடு. அவளுடைய பெரியம்மா மங்களூர்ப் பக்கத்துக்காரரைக் கட்டிக்கொண்டு மல்பேயில் கடலைப் பார்த்த வீட்டில் இருந்தாள். "கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஒரு வாரம் போலாம் ஜகதா. வாசல்ல நின்னாக் கடல். நீ பாட்டுக்கு எடுத்துக்கிட்டு இரு, நான் பாட்டுக்குத் தூங்கறேன்" என்றாள். ஜகதாம்பாள் கடலை ஒரே ஒரு தரம், மதராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, டாக்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் அண்ணா ஸ்ரீகண்டன் முதலில் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் மராமத்து இலாகாவில் டிராப்ட்ஸ்மன். எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அவா ஆத்துல என்ன சாப்பிடுவே?"

"சாதமும் மோரும் எல்லார் ஆத்துலயும் உண்டு, அண்ணா."

மன்னி கோமளம் உள்ளேயிருந்து, "ஸ்டவ்வும் ரெண்டு பாத்திரமும் கொடுத்து அனுப்பறேன். அவளே வடிச்சுக்கட்டும்" என்றாள். அப்படியாக, போகலாமா கூடாதா என்ற பேச்சு எதை எடுத்துப் போவது என்ற பேச்சாக மாறியது. ஜகதாம்பாள் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். உண்மையான உபத்திரவம் அப்புறம்தான் ஆரம்பித்தது.

மறுநாள் சாயங்காலம் அண்ணா ஆபீஸிலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார். கூட ஒரு தேக்குமர ஸ்டாண்டு. நில அளவைக் கருவியை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டு, இலாகாவில் கழித்துப் போட்டது. கால்களின் நுனியில் இரும்புப் பூண்.

"கடற்கரையில காத்து அடிக்கும். உன் கேமராவைக் கையில பிடிச்சா ஆடும். இதுல நிறுத்தினா மலை மாதிரி நிக்கும்."

"இது என் உயரம் இருக்கு, அண்ணா. கேமராவை இதுல மாட்டவே முடியாது. திருகே வேற."

"அதுக்கு ஒரு தகடு அடிச்சுத் தரச் சொல்லியிருக்கேன்."

"யாரைக் கேட்டுண்டு சொன்னேள்?"

"நல்லதுக்குச் சொன்னா கோவம் வந்துடறது உனக்கு" என்று அவர் காலை அலம்பிக்கொள்ளப் போய்விட்டார். போகிற போக்கில், உடுப்பிக் கோயில் குளத்தையும் நடு மண்டபம் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து வரச் சொன்னார். சுவரில் மாட்ட அளவு கூட யோசித்து வைத்திருந்தார்.

புரொபசர் அதைவிட மோசம். அவர் மைசூர்க்காரர், சாது, குரல் உயர்த்த மாட்டார். அதனாலேயே அவரிடம் மறுத்துப் பேசுவது கஷ்டம். லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே கன்னடத்தில் சொன்னார்: "மல்பேயா, நல்லதாயிற்று அம்மா. அங்கே பாறைகளில் கடற்பாசி நிறைய. இங்கே வரும்போது எல்லாம் காய்ந்து நிறம் கெட்டு வருகிறது. பாறையில் இருக்கிறபடியே எடுத்து வந்தால் ரொம்ப உபகாரம். சின்ன பிலிமில் வேண்டாம், விவரம் வராது. நம்முடைய பெரிய கேமராவையே எடுத்துப் போங்கள்."

பெரிய கேமரா என்றால் மரப்பெட்டி. அதற்குள் போடும் கண்ணாடித் தகடுகள், தகடு வைக்கும் சட்டங்கள், தலைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி எல்லாம் சேர்ந்து ஒரு தகரப் பெட்டி. கண்ணாடி உடையாமல் இருக்க வைக்கோல் அடைத்த இன்னொரு பெட்டி. ஆராய்ச்சிக்கூடத்தில் மேஜையிலிருந்து மேஜைக்கு நகர்த்தவே பியூன் வேண்டும்.

"சரி சார்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. பதினேழு வருஷப் பழக்கம். வெளியே வந்து டைப் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, "என் வாயைத் தைக்கணும்" என்றாள் பிரிஜெட்டிடம்.

அத்தோடு விட்டதா என்றால் இல்லை. பிரிஜெட்டின் தம்பி டெஸ்மண்ட் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் மல்லேஸ்வரத்துக்கே வந்துவிட்டான். டெலிபோன் தொழிற்சாலையில் வேலை, மீதி நேரமெல்லாம் கேமரா சங்கம். தன்னுடைய சின்ன பிலிம் கேமராவையும், அதற்கு மாட்டும் நீள லென்ஸையும், ஒளி அளக்கும் மீட்டரையும், ஒரு தகர டப்பி நிறைய, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கலர்க் கண்ணாடிகளையும் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மஞ்சள் துணியில் துடைத்து, கோலம் போடுகிற மாதிரி வரிசையாக வைத்தான்.

"கடல்னா டிஸ்டன்ஸ், மிஸ் ஜகதா. போட் எல்லாம் அங்க இருக்கும், நீங்க இங்க இருப்பீங்க. இந்த டெலி லென்ஸ் இல்லாம போனீங்கன்னா அரிசியை எடுத்த மாதிரி வரும்."

"உங்க சாமான் உப்புக் காத்துல கெட்டுப் போச்சுன்னா?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அப்புறம் லென்ஸைக் கழட்டி, துடைச்சு, மூடி போட்டு, பெட்டியில வெச்சிடுங்க. மணல் படக்கூடாது. விரல் படக்கூடாது. வெயில்லயும் வெக்காதீங்க."

அப்புறம் எங்கேதான் வைப்பது என்று கேட்க நினைத்தாள். அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துக் கேட்கவில்லை. அந்த நாளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் நல்ல பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. தெரிந்த கடைக்காரர்களைப் பிடித்து அவள் கேமராவுக்கு மூன்று ரோல் வாங்கி வந்தவனும் அவன்தான்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். மரப்பெட்டி, கண்ணாடிப் பெட்டி, ஸ்டாண்டு, டெஸ்மண்டின் தோல் பைகள், ஸ்டவ், பாத்திரம். அவளுடைய மடக்குக் கேமரா அந்தக் கும்பலில் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. புடவைக்கு மட்டும் இடமில்லை. மன்னி ஸ்டாண்டைத் தாண்டும்போது புடவைத் தலைப்பு இரும்புப் பூணில் மாட்டிக்கொண்டு கிழிந்தது. அதற்கும் ஜகதாவைத்தான் பார்த்தாள்.

முதலில் மீட்டரை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு, அது இத்தனூண்டு, என்ன கனத்துவிடப் போகிறது என்று உள்ளே வைத்தாள். கலர்க் கண்ணாடிகளில் மஞ்சள் மட்டும் போதும் என்று மற்றதை ஒதுக்கினாள். ஆரஞ்சு இருந்தால் மேகம் நன்றாக எடுக்கும் என்று தோன்ற, அதையும் சேர்த்தாள். ஆரஞ்சு வந்தால் சிவப்பு என்ன பாவம் செய்தது. நீள லென்ஸ் போகிறதென்றால் அதை ஆடாமல் பிடிக்க ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு போகிறதென்றால் மரக் கேமராவும் போய்விடலாம். மரக் கேமரா போகிறதென்றால் தகடு மாற்ற இருட்டு வேண்டும், பிரிஜெட்டின் பெரியம்மா வீட்டு உக்கிராண அறையில் ஜன்னல் இருக்குமோ என்னவோ. எதை எடுத்தாலும் அது இன்னொன்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

பிரிஜெட் அங்கே வந்து சேர்ந்தபோது ஜகதாம்பாள் தோளில் இரண்டு தோல் பை, கழுத்தில் மடக்குக் கேமரா, ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் ஸ்டாண்டு சகிதம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெருக் கோடி வரை நடந்து பார்ப்பதாக உத்தேசம்.

"என்னா ஜகதா இது, ஸ்டூடியோ ஷிஃப்ட் பண்றாங்களா?"

"சும்மா இரு. தூக்க முடியறதான்னு பார்க்கறேன்."

எதிர்ச்சாரி வரை போனாள். ஸ்டாண்டின் மூன்று கால்களும் மூன்று திக்கில் விரிந்துகொண்டன. கட்டியிருந்த கயிறு நழுவிவிட்டது. எதிரே காய்கறிக் கூடையோடு வந்த அம்மாள் ஒதுங்கி நின்று, "ஏதாவது சர்வேயா? ரோட்டை அகலம் பண்றாளா?" என்று கவலையாகக் கேட்டாள். ஜகதாம்பாள் எல்லாவற்றையும் நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டு, தகரப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. வந்தது கோபம்தான்.

பிரிஜெட் ஸ்டாண்டைப் பொறுக்கிக்கொண்டே, "ஒண்ணு கேட்டா கோச்சுக்காத. நீ அங்க எதைத்தான் எடுக்கப் போறே?" என்றாள்.

"கடலை."

"கடல்ல எதை?"

புரொபசருக்குப் பாசி, அண்ணாவுக்குக் குளம், டெஸ்மண்டுக்குத் தூரத்துப் படகு. மேஜையில் யாராவது ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால்தான் அவளுக்கு எடுக்கத் தெரியும். அவளாக எதையும் வைத்துப் பார்த்ததில்லை. எதை எடுக்கப் போகிறோம் என்று தெரியாதவளுக்கு எந்தக் கேமரா என்று எப்படித் தெரியும்? மற்றவர்கள்மேல் இருந்த எரிச்சலெல்லாம் அந்த நிமிஷம் அவள்மேலேயே திரும்பியது.

"தெரியலை" என்றாள். "அதனாலதான் எல்லாத்தையும் தூக்கிண்டு அலையறேன்."

மறுநாள் காலையில் பியூனை வரவழைத்து மரக் கேமராவையும் கண்ணாடிப் பெட்டியையும் திருப்பி அனுப்பினாள். கூடவே தானும் போனாள். புரொபசர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன அம்மா, ஏதாவது உடைந்துவிட்டதா?"

"இல்லை சார். நான் எடுத்துப் போகவில்லை."

"பாசி..."

"பாசி ஆபீஸ் வேலை சார். ஆபீஸ் வேலைக்கு அனுப்புங்கள், போகிறேன். இது என் லீவு."

புரொபசர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவள் மறுத்துப் பேசி அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. "ஆமாம், லீவுதான்" என்றார் கடைசியில், ஏதோ புதுச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பவர் மாதிரி.

டெஸ்மண்டின் பைகளைப் பிரிஜெட் மூலமாகத் திருப்பினாள். அவர்கள் கிளம்புகிற வரை அவன் அக்காவோடு பேசவில்லை. அண்ணாவிடம் ஸ்டாண்டு வேண்டாம் என்றதும், "பணம் கொடுத்துத் தகடு அடிச்சாச்சு" என்றார். அது கூடத்து மூலையிலேயே நின்றது. மன்னி அதில் துணி உலர்த்த ஆரம்பித்தாள். ஸ்டவ்வை மட்டும் எப்படியோ துணி மூட்டைக்குள் சொருகிவிட்டாள், மல்பேயில் பிரித்தபோதுதான் தெரிந்தது. புடவைகள் இரண்டிலும் கிரசின் வாசனை.

ஆக, மடக்குக் கேமரா, ஒரு மஞ்சள் கண்ணாடி, மூன்று ரோல். அவ்வளவுதான் போயிற்று.

கலாசிபாளையத்தில் விடிகாலை ஏறிய பஸ் ஹாசன், சக்லேஷ்பூர் என்று நின்று நின்று போய், மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கியது. பிரிஜெட் ஜன்னலை விடவே இல்லை, வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே போயிற்று. மங்களூரில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, மறுநாள் வடக்கே போகும்போது நடுவில் ஆறு வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிப் படகில் கடந்து, அந்தக் கரையில் வேறு பஸ். படகில் ஏறும்போது ஜகதாம்பாள் மரப்பெட்டியையும் ஸ்டாண்டையும் நினைத்தாள். வழியிலேயே அவளுக்குச் சந்தோஷம் கொடுத்த ஒரே நினைப்பு அது.

அந்தச் சந்தோஷம் கடலைப் பார்த்தவுடன் போய்விட்டது.

பெரியம்மா வீட்டு வாசலைத் தாண்டினால் தென்னை, தென்னையைத் தாண்டினால் மணல், அதற்கப்பால் கடல். கேமராவைத் திறந்து கண்ணை வைத்தாள். மேலே வானம், கீழே தண்ணீர், நடுவில் ஒரு கோடு. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினாள். அதே கோடு. உட்கார்ந்து பார்த்தாள், கோடு கொஞ்சம் மேலே போயிற்று. இலையென்றால் நரம்பைப் பார்த்து ஃபோகஸ் வைக்கலாம், புழுவென்றால் அதன் தலையைப் பார்த்து வைக்கலாம். இதில் எதைப் பார்த்து வைப்பது? படகுகள் இருந்தன, வாஸ்தவம். டெஸ்மண்ட் சொன்னபடி அத்தனையும் அரிசி. அவன் கேமராவும் நீள லென்ஸும் கையில் இருந்திருந்தால் ஒரு படகின் பாயையாவது பிடித்திருக்கலாம்.

"அந்த லென்ஸைக் கொண்டு வந்திருக்கணும்" என்றாள்.

பிரிஜெட் மணலில் படுத்துத் தொப்பியை முகத்தில் கவிழ்த்திருந்தாள். "அப்ப சர்ருன்னு போய் எடுத்துட்டு வா. ரெண்டு நாள்தான் ஆகும்" என்றாள் தொப்பிக்கு அடியிலிருந்து.

சாயங்காலம் வரை ஒரு ரோலைக் கோட்டிலேயே தீர்த்தாள். ஒவ்வொன்றும் எடுக்கும்போதே வீண் என்று தெரிந்தது. தெரிந்தும் எடுத்தாள்.

மறுநாள் காலை கரையில் பெரிய கூச்சல். கடலில் அரைவட்டமாக வலையை விட்டு, இரண்டு முனையையும் கரையிலிருந்து ஊரே சேர்ந்து இழுக்கிற ரம்பணி வலை. ஆண்களும் பெண்களுமாக நூறு பேருக்கு மேல் இருக்கும், தோளில் வடத்தைப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தார்கள். ஜகதாம்பாள் தள்ளி நின்று ஒன்று எடுத்தாள். சின்னச் சின்ன மனிதர்கள், மேலே நிறைய வானம். கிட்டே போனாள். இன்னும் கிட்டே. வடம் இழுக்கிறவர்கள் பின்னால் வர வர, அவளும் பின்வாங்கிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டாள். முழங்காலுக்கு மேல் அலை அடித்தது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அலை போனதும் கீழே இறக்கி எடுத்தாள். வடத்தின் குறுக்கே நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எதிரே முதல் ஆளாக இழுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, அவள் வயதுதான் இருக்கும், துளுவில் ஏதோ சத்தம் போட்டாள். புரியவில்லை என்று கண்டதும் கன்னடத்துக்கு மாறினாள். "ஹிடி. இல்லாந்தரே ஆ கடெ ஹோகு." பிடித்து இழு, இல்லாவிட்டால் அந்தப் பக்கம் தொலை என்று அர்த்தம். வெறும் கோபமில்லை, வேலை நேரத்தில் குறுக்கே நிற்கிற எருமையைப் பார்த்து வருகிற சலிப்பு. அந்தச் சலிப்பு ஜகதாம்பாளுக்கு நன்றாகத் தெரியும். தினம் பஸ்ஸில் போகும்போது அவள் முகத்தில் இருப்பது அதுதான்.

நகரவும் நகர்ந்தாள், போகிற போக்கில் எடுக்கவும் எடுத்தாள். மூன்றடி தூரம். அந்தக் கேமராவுக்கு அதைவிடக் கிட்டே பார்வை கிடையாது. தூரத்தைக் கண்ணாலேயே அளந்து ஃபோகஸ் வைப்பது அவளுக்குப் பழகிய வித்தை. பிறகு வடத்தைப் பிடித்த கைகள், மணலில் புதைந்து உந்துகிற குதிகால்கள், தோளில் வடம் அழுத்திய தழும்பு என்று, மேஜையில் வைத்த சாமானை எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கிட்டே போய் எடுத்தாள். வலை கரைக்கு வந்து மத்தி மீன் வெள்ளியாகக் கொட்டியபோது இரண்டாவது ரோல் முடிந்திருந்தது. கொட்டியதை எடுக்க முடியவில்லை.

மூன்றாவது ரோலைப் போட நிழல் தேடி ஓடினாள். கை ஈரம், புடவை ஈரம், லென்ஸில் உப்பு மூடியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். தலைப்பில் இருந்த மணல் எப்படி உள்ளே போயிற்றோ, ஷட்டரை அழுத்தினால் கரகரவென்று ஒரு சத்தம் வந்து பாதியில் நின்றுவிட்டது. ஊதிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அத்தோடு சரி.

மீதி இருந்த நாட்களில் கையில் கேமரா இல்லை. எடுக்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டுத் தொலைத்தது. கவிழ்த்த படகின் நிழலில் மூன்று கிழவர்கள் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். ஒரு நாய் அலையைத் துரத்திப் போய், திரும்பும் அலைக்குப் பயந்து ஓடிவந்தது. நாள் முழுக்க அதே வேலை. மழைக்காலம் போல மேகம் ஒன்று வந்து கடலில் பாதியைக் கறுப்பாக்கி மீதியை வெளிச்சமாக விட்டது. "பாரு, பாரு இதை" என்று பிரிஜெட்டின் கையைப் பிடித்து இழுப்பாள். "பார்த்தேன்மா" என்பாள் பிரிஜெட். "பார்த்தா போதாதா? நான் பார்த்துட்டேன், நீயும் பார்த்தாச்சு." போதாது என்று ஜகதாம்பாள் பல்லைக் கடித்தாள். எடுக்க என்ன இருக்கிறது என்று இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது. தெரிந்த பிறகு கேமரா இல்லை. யாரை நோவது? ஸ்டவ்வை ஏற்றிக் காபி போட்டாள்.

பெங்களூருக்குத் திரும்பிய மறுநாளே இருட்டறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். முதல் ரோல் முழுக்கக் கோடு. இரண்டாவதில் பாதி உப்பு மூடிப் பனி படர்ந்த மாதிரி வந்திருந்தது. தேறியது ஐந்தோ ஆறோ. அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கழுவும்போது, சிவப்பு வெளிச்சத்தில் மெல்ல மெல்ல அந்தப் பெண்ணின் முகம் வந்தது. வாய் திறந்து திட்டிக்கொண்டிருக்கிறாள், தோளில் வடம், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, பக்கவாட்டில் கடல் சரிந்து கிடக்கிறது. ஜகதாம்பாள் அதைக் கறுப்பதை நிறுத்தும் திரவத்தில் போட மறந்து பார்த்துக்கொண்டே நின்றதில் முதல் பிரிண்ட் கறுத்துப் போயிற்று. இன்னொன்று போட்டாள்.

டெஸ்மண்ட் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். அப்புறம், "ஹொரைஸன் சாஞ்சிருக்கு, மிஸ்" என்றான்.

"நானும்தான் சாஞ்சிருந்தேன். அலை."

"டெலி லென்ஸ் இருந்திருந்தா தண்ணியில இறங்காமலே எடுத்திருக்கலாம்."

"இறங்காம இருந்தா அவ என்னைத் திட்டியிருக்க மாட்டா."

அவன் யோசித்தான், ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கெட்டுப்போன ஷட்டரை அவனே பிரித்து, மணலை ஊசியால் எடுத்து, எண்ணெய் விட்டுச் சரிபண்ணிக் கொடுத்தான். அண்ணா படத்தைப் பார்த்து, "குளம் எங்கே?" என்றார்.

புரொபசர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பாசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த வருஷம் மழை நின்றதும், மல்பேக்கு ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் என்று உத்தரவு அவள் மேஜைக்கு வந்தது. போக வரப் படி, மரக் கேமரா, தூக்குவதற்கு ஒரு பியூன் எல்லாம் அதில் இருந்தது. அப்போதும் கூடத்தில் பாய் விரிந்தது. மரக் கேமராவோடு தன் மடக்குக் கேமராவும் போகும் என்றாள். டெஸ்மண்டின் கேமராவையும் லென்ஸையும் இந்தத் தடவை அவளே கேட்டு வாங்கினாள். அவன் கொடுப்பதற்கு முன் மறுபடி அத்தனை நிபந்தனையும் சொன்னான். அத்தனையும் கேட்டுக்கொண்டாள்.

மல்பேயில் பாறையில் பாசி எடுத்து முடிந்த ஒரு நாள், பியூன் மரக் கேமராவைத் தூக்கிவர, அந்தப் பெண்ணைத் தேடிப் போனாள். பெயர் அக்கு என்று விசாரித்ததில் தெரிந்தது. பெரிதாகப் போட்ட பிரிண்ட் ஒன்றைக் கையில் கொடுத்தாள். அக்கு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கிட்டே வைத்துப் பார்த்தாள், தூர வைத்துப் பார்த்தாள். முகம் போன போக்கைப் பார்த்து ஜகதாம்பாளுக்குப் பயமாகிவிட்டது.

"இப்படி வாயைத் திறந்துகொண்டா இருப்பேன் நான்?" என்றாள் அக்கு கன்னடத்தில். "பேய் மாதிரி. தலை வாரவில்லை, ஒன்றுமில்லை. இதை யாரிடம் காட்டுவது?"

"எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது."

"அப்படியானால் நீயே வைத்துக்கொள். எனக்கு ஒழுங்காக ஒன்று எடுத்துக் கொடு. அந்தப் பெரிய பெட்டியில்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரும்போது கல்யாணப் புடவை, எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை, மல்லிகை. கூடவே மாமியார், புருஷன், மூன்று பிள்ளைகள், எதிர் வீட்டுக்காரியும் ஒருத்தி. தென்னைக்குக் கீழே வரிசையாக நின்று மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஆபீஸ் தகட்டில் இதற்கு இடமில்லை, கணக்குக் கேட்பார்கள் என்று பியூன் காதில் முணுமுணுத்தான். ஜகதாம்பாள் அவனைக் கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் தலையை விட்டாள். கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாக நின்றார்கள். கடைசிப் பிள்ளை மட்டும் ஓயாமல் காலைச் சொறிந்துகொண்டிருந்தது.

"அவனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றாள் துணிக்குள்ளிருந்து, அலுப்பாக.